பத்தொன்பதாவது இசைத்தட்டு

புயல் ஓய்ந்து எட்டாவது மாதம், பனைமுனையைச் சேர்ந்த கப்பல் சமையல்காரர் கஸ்பார், லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் நின்ற இரண்டு நாளில் ஊர் சுற்றக் கிளம்பி, மழைக்கு ஒதுங்க இடம் தேடி ஒரு பழைய இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்து, சும்மா நின்றால் கடைக்காரன் ஏதாவது நினைத்துக்கொள்வான் என்று நாலு தட்டுகளைப் புரட்டி, ஐந்தாவது தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் ‘எட்வின், பனைமுனை’ என்று தமிழில் எழுதியிருப்பதைக் கண்டார். எட்வின் அந்தப் புயலில் காணாமல் போன பத்தொன்பது பேரில் ஒருவன். கோயில் பாடகர் குழுவில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, ஆறு வருடம் வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தவன். அவன் எப்போது இசைத்தட்டுப் போட்டான் என்று கஸ்பார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு, தட்டை வாங்கி, கைலிகளுக்கு நடுவே வைத்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஊரில் மைக்செட் வைத்திருந்த லாசர், கல்யாண வீடுகளில் தட்டு ஓட்டிய காலத்து ரெக்கார்டுப் பெட்டி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்து கோயில் முற்றத்தில் வைத்தார். ஊரே கூடியது. ஊசி இறங்கியதும் முதலில் இரைச்சல், பிறகு காற்று, பிறகு எட்வினின் குரல்: “பனைமுனை, பனைமுனை, எட்வின் பேசுறேன், கேக்குதா, பனைமுனை.” வயர்லெஸில் பேசுகிற பேச்சு அது, கடலுக்குப் போகிறவர்கள் கரையைக் கூப்பிடுகிற கூப்பாடு. அவன் மனைவி கில்டா பாய்ந்து வந்து ஊசியைத் தூக்கிவிட்டாள். “போதும், அவியதான். போதும்” என்றாள்.

பனைமுனைக்காரர்கள் இது எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. கடலிலிருந்து என்னவெல்லாமோ கரைக்கு வருகிறது, எல்லாவற்றுக்கும் விளக்கமா கேட்கிறோம்? அவர்கள் கேட்டதெல்லாம், இதை அடக்கம் பண்ணலாமா கூடாதா என்பதைத்தான். உடல் கிடைக்காதவனுக்கு அடக்கப் பூசை கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் ஆறடி கிடையாது, மனைவிக்குத் தாலி கழற்றுகிற நாளும் கிடையாது. பத்தொன்பது வீட்டுப் பெண்களும் அதுவுமில்லாமல் இதுவுமில்லாமல் எட்டு மாதமாக நின்றுகொண்டிருந்தார்கள். பங்குச் சாமியார் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். ஊர்க் கமிட்டி மூன்று தடவை கூடி மூன்று தடவையும் சண்டை போட்டுக் கலைந்தது. கடைசியில் சாமியார் வெளியே வந்து, குரல் என்பது தொண்டையிலிருந்து வருவது, தொண்டை உடம்பில் இருப்பது, ஆகையால் அடக்கம் செய்யலாம் என்றார். தச்சர் அளவு கேட்டு வந்தார். ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரமாகப் பெட்டி செய்யச் சொன்னார்கள்.

சடங்குகள் தாமாகவே சேர்ந்துகொண்டன. பிணத்தைக் குளிப்பாட்டாமல் எடுக்கக் கூடாது என்பதால் தட்டையும் குளிப்பாட்ட வேண்டும் என்று கில்டா பிடிவாதமாகச் சொன்னாள். அப்படியே ஆனது. வீட்டுப் பெண்கள் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு லாசரின் மைக்செட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஈரத் துணியால் துடைத்து, பவுடர் போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகு முற்றத்தில் ஊருக்காக ஊசி இறங்கும். ஆள் இன்னார் என்று தெரிந்த அரை நிமிடத்தில் கில்டாவே வந்து ஊசியைத் தூக்குவாள். செத்தவனை மேற்கொண்டு பேசவைக்கக் கூடாது என்பது முறை ஆயிற்று. முறை என்று ஒன்று ஆகிவிட்டால் யார் ஏற்படுத்தியது, எதற்கு ஏற்படுத்தியது என்று நம் ஊர்களில் யாரும் கேட்பதில்லை.

இதற்குப் பிறகு பனைமுனையிலிருந்து வெளிநாடு போகிறவர்களின் பாடு மாறிப்போனது. முன்பெல்லாம் சென்ட் பாட்டில், கம்பளி, தைல டப்பா என்று பட்டியல் போட்டுக் கொடுத்த ஊர், இப்போது ஒன்றே ஒன்றைத்தான் சொல்லி அனுப்பியது: நல்ல ரெக்கார்டுக் கடையாகப் பார்த்துத் தேடு. கப்பலில் எண்ணெய் போடுகிறவனும், பஹ்ரைனில் கம்பி கட்டுகிறவனும், இத்தாலியில் மடத்துச் சமையலறையில் இருக்கிற கன்னியாஸ்திரிகளும் போன இடமெல்லாம் தேடினார்கள். தேடத் தேட ஒரு படிப்பே உருவாகி, கோயில் நோட்டு ஒன்றில் எழுதப்பட்டது. கண்ணாடி பளபளக்கிற கடையில் நம் ஆட்கள் இருக்க மாட்டார்கள். வாசலில் ஆள் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுகிற கடையில் இருக்க மாட்டார்கள். படி இறங்கிப் போகிற கடை நல்லது. நுழைந்தால் கடைக்காரன் தலை நிமிராத கடை அதைவிட நல்லது. எந்தப் பிரிவிலும் சேராத தட்டுகளைத் தரையில் அட்டைப் பெட்டியில் போட்டு, காலால் தள்ளி வைத்திருப்பார்கள். அதில் குனிந்து பார்க்க வேண்டும். வழி கேட்பதானால் டாக்சிக்காரனிடம் கேட்காதே, முடிவெட்டுகிறவனிடம் கேள், அவனுக்குத்தான் ஊரில் எவனெவன் வேலையில்லாமல் பாட்டுக் கேட்டுக் கிடக்கிறான் என்று தெரியும்.

அப்படி மொம்பாசாவில் ஒருவன் கிடைத்தான், மர்சேயில் இரண்டு பேர், பூசானில் ஒரு அண்ணனும் தம்பியும் ஒரே உறைக்குள் கிடைத்தார்கள். வால்பரைசோவில் கிடைத்தவனைக் கொண்டுவர ஒன்பது மாதம் பிடித்தது. கல்லறைத் தோட்டத்தில் சின்னச் சின்னச் சதுர மேடுகள் பெருகின. மூன்று வருடத்தில் பதினெட்டுப் பேர் வீடு வந்து சேர்ந்தார்கள். மெற்றில்டாவின் கணவன் ததேயு மட்டும் வரவில்லை.

மெற்றில்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் உயரமான வீடு அவளுடையது. மொட்டை மாடியில் நீளக் கம்பி நட்டு, கரை வயர்லெஸ் செட்டை ததேயு அங்கேதான் வைத்திருந்தான். ஆண்கள் கடலில் இருக்கிற நாளெல்லாம் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருக்குக் காய்ச்சல், சுறா விலை என்ன என்று கடலுக்குச் சொல்வதும், கடல் சொல்வதைக் கரைக்குச் சொல்வதும் அவள் வேலை. புயலடித்தபோது இரண்டு படகுகள் வெளியே இருந்தன. அவள் நான்கு நாள் செட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. மணிக்கு ஒரு தரம் பொத்தானை அழுத்தி, “பனைமுனை பேசுது, ததேயு, எட்வின், யாராவது இருந்தா பதில் சொல்லுங்க” என்று கூப்பிட்டாள். பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. தேடப் போன கப்பலும் விமானமும் வெறுங்கையோடு திரும்பின. ஐந்தாம் நாள் காலை கமிட்டி கறுப்புக் கொடி ஏற்றச் சொன்னது. துக்கம் விழுந்த ஊரில் ரேடியோவோ டிவியோ எதுவும் பாடக் கூடாது, முப்பதாம் நாள் பூசை வரை சத்தம் ஆகாது என்பது பனைமுனையில் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிற வழக்கம். மாடியிலிருந்து தெருவுக்கு வழிகிற அந்த இரைச்சலையும் நிறுத்தச் சொன்னார்கள். மெற்றில்டா கம்பியைப் பிடுங்கினாள்.

வழக்கத்தை மீறாத ஒருத்தியைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் பதினெட்டு வீட்டு ஆட்கள் கிடைத்துத் தன் ஆள் மட்டும் கிடைக்காமல் போனது அவளுக்கு ஒரு தண்டனை மாதிரித் தெரிந்தது. பதினெட்டு அடக்கத்துக்கும் போய் மண் போட்டாள். தன் தாலியை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் வியாகுலம்மாள் தினமும் காலையில், “இன்னைக்காவது எம்புள்ளையப் பாத்ததா யாராவது சொன்னாவளா?” என்று கேட்பாள். இல்லை மாமி என்று சொல்லிச் சொல்லி, ஒரு நாள் சொல்ல முடியாமல், மெற்றில்டா தானே போவது என்று முடிவு செய்தாள். ஊர்க் கன்னியாஸ்திரி ஒருவர் இத்தாலியின் ஜெனோவாவில் படுக்கையில் கிடக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்கு ஏற்பாடு செய்தார்.

அவள் போகிறாள் என்று தெரிந்ததும் ஊர் நடந்துகொண்ட விதம் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. “உனக்கு என்னத்துக்கு இந்த அலைச்சல், கிடைக்கிறப்போ கிடைக்கும்” என்றார் சாமியார். “மாமியாரத் தனியா விட்டுட்டா?” என்றார்கள் கமிட்டிக்காரர்கள். கில்டா அவள் பெட்டியைக் கட்ட உதவி செய்ய வந்து, ஒன்றும் செய்யாமல் கட்டிலில் உட்கார்ந்து, “ஏட்டி, போகத்தான் வேணுமா?” என்று நாலு தடவை கேட்டுவிட்டுப் போனாள். கஸ்பார் மட்டும் தடுக்கவில்லை. ஜெனோவா அவருக்குக் கை ரேகை மாதிரித் தெரிந்த துறைமுகம். ஒரு தாளில் ஏழு கடைகளின் முகவரியை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். “இந்த ஏழும்தான் நல்ல கடை மக்ளே. மத்ததுக்குப் போயி காலத் தேய்க்காத” என்றார்.

ஜெனோவாவில் வேலைக்காரப் பெண்களுக்கு ஞாயிறு விடுமுறை, வியாழன் மதியத்துக்கு மேல் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் மெற்றில்டாவுக்கு வாரத்தில் ஒரு மதியம்தான் இருந்தது. பெரியம்மாவுக்குக் கஞ்சி புகட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, மலைச் சரிவில் மடிப்பு மடிப்பாக இறங்குகிற சந்துகளில், சூரியன் தரையைத் தொடாத இடங்களில், கையில் தாளை வைத்துக்கொண்டு நடந்தாள். முதல் கடை செருப்புக் கடையாக இருந்தது. இரண்டாவது இடத்தில் கதவு செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது பளபளவென்று கண்ணாடி போட்ட கடை. வாசலிலேயே பையன்கள் வணக்கம் சொன்னார்கள். நான்காவது முகவரியில் அந்த எண்ணே இல்லை. கஸ்பாருக்கு வயதாகிவிட்டது, பாவம், ஞாபகம் பிசகிவிட்டது என்று நினைத்தாள். ஏழு கடைகளையும் பார்த்து முடித்து, தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடியும் முதலிலிருந்து ஏழையும் பார்த்தாள். இதில் பதினோரு மாதம் போயிற்று. அந்த ஊர்ப் பாஷை வாயில் ஒட்டிக்கொண்டது. பெரியம்மாவின் முதுகில் புண் வந்து ஆறி மறுபடியும் வந்தது.

ஒரு வியாழக்கிழமை, தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, கோயில் நோட்டில் எழுதியிருந்தபடி செய்தால் என்ன என்று தோன்றி, ஒரு சந்து முனையில் முடிவெட்டுகிறவரிடம் போய்க் கேட்டாள். அவர் சவரக்கத்தியால் திசை காட்டிக்கொண்டே, “பழைய தட்டுதானே? இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் கடை. உன் ஊர் நிறத்தில் ஒரு கப்பல்காரர்கூட வருவார், நான்தான் அவருக்கு முடி வெட்டுவேன்” என்றார். எட்டுப் படி இறங்கிப் போகிற கடை. உள்ளே ஈரச் சுவரின் வாடை. கடைக்காரர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, தலை நிமிராமல், கால்மாட்டில் கிடந்த அட்டைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். நோட்டில் எழுதியவர்களுக்கு நூறு ஆயுசு என்று மெற்றில்டா நினைத்தாள்.

பெட்டியில் இல்லை. அவள் எழுந்து போகப் பார்த்தபோதுதான் கடைக்காரர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“புரியாத எழுத்துப் போட்ட தட்டையா தேடுகிறாய்?”

“ஆமாம்.”

“அதை உன் ஊர்க்காரர் ஒளித்து வைத்திருக்கிறார்” என்று சொல்லி, மேல் அலமாரியில் மாதா கோயில் பாட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தார். “நாலு வருடமாக வருகிறார். ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்க்கிறார். வாங்க மாட்டார். வேறு யாருக்கும் விற்கவும் விட மாட்டார். நானும் ஒரு முறை போட்டுக் கேட்டேன், பாட்டு மாதிரி இல்லை.”

வட்டக் காகிதத்தில் ‘ததேயு, பனைமுனை’ என்று இருந்தது. மெற்றில்டாவுக்கு முதலில் வந்தது கோபம். எரிகிற கோபம். மூன்று வருடம் தன்னையும் ஒரு கிழவியையும் தினமும் காலையில் செத்துப் பிழைக்க வைத்துவிட்டு, ஏழு கடைக்கு முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறான் படுபாவி. கஸ்பாரின் பிள்ளை குட்டிகள் விளங்காமல் போக வேண்டும் என்று வாய்விட்டே சாபம் போட்டாள்; கடைக்காரர் அதை ஜெபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு காதில் மாட்டிக் கேட்கிற கருவியைக் கொடுத்து, தட்டைச் சுழலவிட்டு, மீதி ரொட்டியோடு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். அங்கே ஊசியைத் தூக்க கில்டா இல்லை.

“மெற்றில், நீ கூப்புடுறது கேக்குது” என்றான் ததேயு. “நல்லாக் கேக்குதுட்டி. எங்களதுதான் உனக்குக் கேக்கல போல. எஞ்சின்ல தண்ணி ஏறிருச்சு. ரெண்டு போட்டையும் சேத்துக் கட்டிருக்கு. பத்தொம்பது பேரும் இருக்கோம். நீ கூப்புட்டுக்கிட்டே இரி.”

அவள் மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டது ஒவ்வொன்றும் அந்தத் தட்டில் இருந்தது, அவளுடைய குரலே, தூரத்தில், எறும்பு மாதிரி. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் பத்தொன்பது பேரும் செட்டைச் சுற்றி வந்து நிற்பது கேட்டது. அவன் பதில் சொல்வதும் கேட்டது. நான்கு நாள் அவள் கூப்பிட்டதற்கெல்லாம் அவன் பதில் சொல்லியிருக்கிறான்.

“இன்னைக்கு அஞ்சாம் நாளு. காலையிலருந்து உன் சத்தத்தக் காணோம். கரண்டு போயிருக்கும்.”

“ஆறாம் நாளு. எட்வின் விடியுமுன்ன போயிட்டான். கரண்டு இன்னும் வரல போலுக்கு.”

“லேய், அழாதிங்கலே. புயலடிச்சா கரண்டு வர நாளாகும்லா. வந்ததும் போடுவா. அவ செட்ட அணைக்கிறவ இல்லலே.”

ஏழாம் நாள், எட்டாம் நாள் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு பெயராகச் சொன்னான், இவர் போயிட்டார், இவன் போயிட்டான் என்று. ஒவ்வொரு நாளும் குரல் தேய்ந்தது. பதினோராம் நாள் பேசியது அவன்தானா என்றுகூடச் சொல்ல முடியாது. “மெற்றில், இன்னும் கரண்டு வரலியாட்டி” என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு ஊசி வெறும் தட்டில் ஓடியது. கடைக்காரர் திரும்பி வந்து பார்த்தபோது அவள் தட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடுங்கிய கை அது.

கஸ்பாரின் மேல் போட்ட சாபத்தை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டாள். திரும்ப வாங்க முடியாதது வேறு ஒன்று இருந்தது. அன்று இரவு முழுக்க ஒரே கணக்குத்தான் ஓடியது: கஸ்பாருக்குத் தெரிந்திருக்கிறது, கஸ்பாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, பதினெட்டுத் தட்டையும் ஊர் அரை நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை, ஆகையால் ஊருக்குச் சொல்ல வேண்டியவள் தான்தான். தட்டை உடைத்துக் கடலில் போட்டுவிட்டு, இந்தப் பெரியம்மாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டே இங்கேயே கிழவியாகிவிடலாம் என்றும் நினைத்தாள். ஆனால் ததேயுவுக்கு மண் வேண்டும். பதினோரு நாள் காத்திருந்தவனை அலமாரியில் போட்டு வைப்பதா? அடுத்த மாதம் டிக்கெட் எடுத்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் கையில் சதுரப் பொட்டலத்தைப் பார்த்ததும் தெருவே எழுந்து நின்றது. யாரும் எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. கஸ்பார் அவளைக் கண்டதும் வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு மணி அடித்தது, பெட்டி வந்தது, சாமியார் அங்கி போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார். வியாகுலம்மாள் எல்லோருக்கும் முன்னால் வந்து மைக்செட் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வர மாட்டேன், என் பிள்ளையைத் துடைத்துப் பெட்டியில் வைக்கிற காட்சியை என்னால் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

குளிப்பாட்டுவது வீட்டுப் பெண்கள் வேலை. மாமியாரை விட்டால் மெற்றில்டாவுக்கு வீட்டில் வேறு பெண்கள் கிடையாது. அவள் தட்டோடு தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போனபோது, கில்டா கதவைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற பதினேழு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். அந்தச் சின்ன அறையில் ஒலிபெருக்கிக் குழாய்களுக்கும் வயர்ச் சுருள்களுக்கும் நடுவே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிறைந்தார்கள். கடைசியாக வந்தவள் தாழ்ப்பாள் போட்டாள்.

மேசையில் ஈரத் துணி இருந்தது, பவுடர் டப்பா இருந்தது, லாசரின் ரெக்கார்டுப் பெட்டி மூடி திறந்து, ஊருக்குக் கேட்கிற குழாயில் சேராமல், அறைக்குள் மட்டும் கேட்கிற சின்ன ஸ்பீக்கரோடு இணைக்கப்பட்டு, ஊசி புதிதாக மாட்டப்பட்டுத் தயாராக இருந்தது. துடைக்கிற அறையில் இது எதற்கு என்று மெற்றில்டா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். துடைக்க ஒரு மணி நேரம் எதற்கு என்று அவள் மூன்று வருடத்தில் ஒரு நாளும் யோசித்ததில்லை.

“நான் அங்கனயே கேட்டுட்டேன்” என்றாள். “முழுசும்.”

கில்டா ஈரத் துணியை எடுத்தாள்.

“பதினோரு நாளு” என்றாள் மெற்றில்டா.

கில்டா துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள். “எங்க வீட்டுக்காரரு ஆறாம் நாளு. விடியுமுன்ன.”

“ஏழு” என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல்.

“எங்கவியளும் ஏழுதான்.”

“எட்டு.”

“எங்கவிய ஒம்பது. ரெண்டு பேரும் ஒம்பது” என்றார்கள் பூசானிலிருந்து வந்த அண்ணன் தம்பியின் மனைவிகள்.

இப்படிப் பதினெட்டுப் பேரும் சொல்லி முடித்தார்கள். ஜெபமாலை சொல்வதுபோல ஒரே சுருதியில், ஒருத்தி முடிக்க ஒருத்தி தொடங்கிச் சொன்னார்கள். பத்தைத் தாண்டியது ததேயு ஒருவன்தான்.

“தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்குச் சொல்லாம இருந்தீங்களா?” என்று மெற்றில்டா கேட்டாள்.

“சொன்னா நீ இருப்பியாட்டி?” என்றாள் கில்டா. “அவிய கடைசியாக் கேட்டது என் பேர இல்ல. பிள்ளைங்க பேரும் இல்ல. ‘மெற்றில்டா செட்டப் போட்டாளா’ன்னுதான் கேட்டாவ. இவளுக்கும் அதான், அவளுக்கும் அதான். பதினெட்டுத் தட்டுலயும் அதான் கடைசி. அத ஊரக் கூட்டிவச்சு ஓட்டச் சொல்லுதியா? அதனாலதான் நான் ஊசியத் தூக்கினேன். கஸ்பார் மாமாகிட்ட நாங்கதான் சொன்னோம், ததேயு அண்ணன் கெடைச்சா கொண்டு வராதிங்கன்னு.”

“நான்தான் கம்பியப் புடுங்கினேன்.”

“நீதான் புடுங்கினே. மாடிப்படி ஏறி வந்து, அந்த எழவு சத்தத்த நிறுத்துட்டின்னு உன் கையப் புடிச்சு இழுத்தது யாரு? மறந்துட்டியா? நான்லா.” கில்டா துணியை இன்னொரு தடவை பிழிந்தாள். “அவிய அன்னைக்கு உசுரோட இருந்தாவ மெற்றில். நான் வந்து நிறுத்தச் சொன்னப்போ உசுரோட இருந்தாவ.”

அவர்கள் கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. மன்னிக்கவும் இல்லை, யார் யாரை மன்னிப்பது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. மெற்றில்டா மேசையில் தட்டை வைத்து, ஈரத் துணியை வாங்கி, நடுவிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து நடுவுக்கு, உப்பும் மணலும் ஒட்டியிருக்கிற முதுகைத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தாள். கில்டா பவுடர் போட்டாள். இன்னொருத்தி வெள்ளைத் துணியை விரித்தாள்.

கதவை யாரோ தட்டினார்கள். வெளியிலிருந்து வியாகுலம்மாளின் குரல் வந்தது.

“குளிப்பாட்டியாச்சா மக்ளே?”

“ஆச்சு மாமி.”

“நீ போட்டுக் கேட்டியா? எம்புள்ள என்ன சொன்னான்?”

மெற்றில்டா வெள்ளைத் துணியின் நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாக மடித்தாள்.

“ஒரு வார்த்தைதான் மாமி. அம்மான்னு கூப்பிட்டாவ. அவ்வளவுதான்.”

“ரொம்ப நாளு கெடந்தானோ? கஷ்டப்பட்டானோ?”

“இல்ல மாமி. புயலடிச்ச அன்னைக்கே முடிஞ்சிருச்சு.”

கிழவி நம்பாமல் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கில்டா கதவருகே போய், “ஆமா மாமி, அன்னைக்கே” என்றாள். அவளுக்குப் பிறகு அடுத்தவள் சொன்னாள், அவளுக்கு அடுத்தவள் சொன்னாள், பதினெட்டுப் பேரும் சொன்னார்கள், அன்னைக்கே மாமி, அன்னைக்கே முடிஞ்சிருச்சு என்று.

“அப்போ சரி” என்றாள் வியாகுலம்மாள். “எடுத்துட்டு வாங்க.”